தோட்டத்துத் தொலைநோக்கியும் 480 என்ற எண்ணும்

பதிவு கொஞ்சம் நீளம். தொலைநோக்கியில் கேமரா மாட்டிப் படம் எடுக்கிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். மற்றவர்கள் நடுவில் வரும் கணக்கைத் தாண்டிப் படித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். வகுப்பில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன், அது வேறு.

தொலைநோக்கி ஓரிடத்தில், நாம் வேறோர் இடத்தில். இன்டர்நெட் வழியாக அதைத் திருப்புகிறோம். அது சரியான இடத்தைத்தான் பார்க்கிறது என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்றால் குழாயோடு ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்துவிடலாம். தூரத்தில் இருப்பவருக்கு அது அனுப்பும் படம் ஒன்றுதான் சாட்சி. அந்தப் படத்தில் இருப்பதோ கருப்புத் துணியில் உப்புச் சிந்தின மாதிரி வெறும் புள்ளிகள். எந்தப் புள்ளி எந்த நட்சத்திரம் என்று கண்டுபிடித்து, படத்தின் நடு வானத்தில் எந்த இடம், படம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, ஒரு பிக்சலுக்கு வானத்தில் எவ்வளவு அகலம் என்று கம்ப்யூட்டர் சொல்லும் வேலைக்குத்தான் பிளேட் சால்விங் என்று பெயர். விடை வந்ததும், போக வேண்டிய இடத்துக்கும் நிற்கிற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மவுண்டுக்குச் சொல்வார்கள். அது கொஞ்சம் நகரும். மறுபடி படம், மறுபடி விடை. இரண்டு மூன்று சுற்றில் இலக்கு நடுவுக்கு வந்துவிடும்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம். பனியனில் நாலு கலர் பிரின்ட் அடிக்கும்போது ஒவ்வொரு ஸ்க்ரீனையும் ரெஜிஸ்ட்ரேஷன் மார்க் பார்த்துத்தானே பொருத்துகிறார்கள்? வானத்துக்கு நட்சத்திரங்கள்தான் ரெஜிஸ்ட்ரேஷன் மார்க்.

மண்ணரையில் இருந்துகொண்டு வானம் பார்ப்பது பெரும்பாடு. நைட் ஷிப்ட் நடக்கும் கம்பெனிகளின் வெளிச்சம், ரோட்டு விளக்கு, எதிர்வீட்டு எல்இடி. மூளிக்குளக் கரையில் போய் நின்றாலும் ஓரியனின் இடுப்புப் பட்டை மூன்றும், திருவாதிரையும், இன்னும் இரண்டு மூன்றும் தெரிந்தால் அன்றைக்கு நல்ல வானம். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காததால் ராத்திரியில் காடு தோட்டம் போவதும் முடியாது. அதனால் என் பழைய மாணவன் ஒருவன் தாராபுரம் தாண்டித் தன் மாமனார் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்தபோது அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான்.

அவனுக்கு இந்தப் பித்து பிடித்தது 2019 டிசம்பர் 26 அன்று காலையில். வளையச் சூரிய கிரகணம் நம்மூர் மேலாகவே போனதே, அன்றைக்கு. இப்போது செக்கிங், அயனிங் யூனிட் வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. கூரை தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகும். உள்ளே 80 மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கி, மவுண்ட், கேமரா, ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அவன் யூனிட்டிலிருந்து இயக்குவான். சனிக்கிழமை ராத்திரி செக்கிங் டேபிளுக்கு எதிரே இருக்கும் டிவியில் படம் வரும். வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒடிசாப் பிள்ளைகள், பீகார்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லோரும். நான் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு கதை சொல்வேன்.

தூரத்திலிருந்து இயக்குவது பெரிய இடங்களில் எப்போதோ வந்துவிட்டது. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. இமாலயன் சந்திரா டெலஸ்கோப் என்று பெயர். இயற்பியலுக்கு நோபல் பெற்ற நம் சந்திரசேகரின் பெயர்தான். அதைப் பெங்களூர் பக்கம் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள், இருபது ஆண்டுக்கு மேலாக. அவர்களுக்கு அங்கேயே பொறியாளர்கள் இருக்கிறார்கள். இவனுக்கு இருப்பது மாமனார் ஒருவர். அவர் எட்டரை மணிக்குத் தூங்கப் போய்விடுவார்.

ஆக, பிளேட் சால்விங் சொதப்பினால் என்ன ஆகும்? இவன் பைக்கை எடுத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் விடியற்காலை மூன்று மணி. எட்டு மணிக்கு யூனிட் திறக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்ட பிறகு திருப்பூரில் ஆர்டர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் வீட்டில், "இருக்கற கவலைக்கு இது ஒண்ணா?" என்று கேட்டால் அதில் தப்பே கிடையாது.

தை மாதம், நல்ல வானம் இருக்கும் நாட்கள். அடுத்தடுத்து நாலு ராத்திரி, "விடை கிடைக்கவில்லை" என்றே வந்தது. ஒரு முறைகூட இலக்கு நடுவுக்கு வரவில்லை. சனிக்கிழமைப் படக்காட்சி இரண்டு வாரம் நின்றுபோனது. தொலைநோக்கிச் சாமான் விற்கும் ஒருவரிடம் போனில் கேட்டிருக்கிறான். அவர், மவுண்டின் உள்ளே கியர் போயிருக்கும், சரிசெய்வதைவிடப் புதிது வாங்குவது நல்லது என்று சொல்லிவிட்டார்.

"மவுண்ட்டே போயிருச்சாமுங்க டீச்சர். ஒரு லட்சத்துக்குப் பக்கம் வருமாம். பேசாம எல்லாத்தையும் வித்துப்போடலாம்னு இருக்கறன்."

"படம் வந்துச்சா கண்ணு?"

"படமெல்லாம் வருதுங்க. நட்சத்திரமும் தெரியுதுங்க. ஆனா கண்டுபிடிக்கத் தெரியலங்குது."

"அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. வித்துப்போடறதை அப்பறம் பாக்கலாம்."

பிளேட் சால்விங் தோற்றால் முதலில் செய்ய வேண்டியது, சாப்ட்வேரை விட்டுவிட்டுப் படத்தைப் பார்ப்பது. பலர் இதைச் செய்வதில்லை. பிழைச் செய்தியைப் படித்துவிட்டு அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் முதலில் எது இருந்தது என்பதே மறந்துபோகும்.

படத்தில் நட்சத்திரம் இருக்கிறதா? சில நாள் மூடி திறந்திருக்காது. மார்கழியில் முன் லென்ஸில் பனி இறங்கி, புள்ளிகள் பூஞ்சை பிடித்த மாதிரி ஆகிவிடும். அதற்கு லென்ஸைச் சுற்றிச் சூடாக்கும் பட்டை கட்ட வேண்டும். ஃபோகஸ் தவறியிருந்தால் புள்ளிக்குப் பதிலாக வடை தெரியும். கோடாக இழுத்திருந்தால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது என்றால், பத்துக் கிலோ தொலைநோக்கியை ஆட்டாதா? ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் அங்கே உருண்டையான நட்சத்திரம் கிடைப்பது அபூர்வம்.

இன்னொன்றும் உண்டு. சித்திரை வைகாசியில் ராத்திரியும் முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும்போது, கேமரா சில்லிலேயே சில பிக்சல்கள் சும்மா எரியும். சாப்ட்வேர் அவற்றையும் நட்சத்திரம் என்று எண்ணிவிடலாம். கண்டுபிடிக்க எளிய வழி, மவுண்டைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் எடுப்பது. நகராமல் அதே இடத்தில் நிற்கும் புள்ளி நட்சத்திரம் அல்ல.

அவன் அனுப்பிய படத்தில் இந்தக் குறை ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கான நட்சத்திரங்கள், எல்லாம் ஊசிமுனை மாதிரி, உருண்டையாக. அவன் போகச் சொன்ன இடம் ரோசெட் நெபுலா. ஓரியனுக்குக் கிழக்கே, ஒற்றைக்கொம்பன் கூட்டத்தில் ரோஜாப்பூ மாதிரி இருக்கும் வாயுமேகம். ஐந்து விநாடிப் படத்தில் மேகம் தெரியாது. அதன் நடுவில் இருக்கும் சின்ன நட்சத்திரக் கொத்து தெரிய வேண்டும். எனக்கென்னவோ அந்தக் கொத்து படத்தின் ஓரமாகத் தெரிகிற மாதிரி இருந்தது. மவுண்ட் அவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறது என்றால் கியர் எப்படிப் போயிருக்கும்?

சந்தேகத்தை வைத்துக்கொண்டு பேசக் கூடாது. படத்தை ஆஸ்ட்ரோமெட்ரி டாட் நெட்டில் ஏற்றச் சொன்னேன். எங்கே எடுத்தது, எந்த லென்ஸ், எந்தத் திசை, எதையும் சொல்லாமல் வெறும் படம் மட்டும்.

அது ஒரு அருமையான காரியம். டஸ்டின் லாங், டேவிட் ஹாக் முதலானவர்கள் உருவாக்கி, 2010-ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். இலவசம். பிள்ளைகளுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். படத்தில் நாலு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளும். அதில் மிகத் தள்ளி இருக்கும் இரண்டைச் சதுரத்தின் எதிரெதிர் மூலைகளாக வைத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் அந்தச் சதுரத்துக்குள் எங்கே விழுகின்றன என்று பார்த்தால் நாலு எண்கள் கிடைக்கும். படத்தைத் திருப்பினாலும், பெரிதாக்கினாலும், சிறிதாக்கினாலும் அந்த நாலு எண்கள் மாறுவதில்லை. கட்டிங் டேபிளில் பேட்டர்னை எப்படித் திருப்பிப் போட்டாலும், எம் சைஸிலிருந்து எக்ஸெல்லுக்குப் பெரிதாக்கினாலும், அது கழுத்துப் பீஸா கைப் பீஸா என்று மாஸ்டருக்குத் தெரியாதா? அந்த மாதிரி. வானம் முழுவதற்கும் இப்படி நாலு நாலாக எடுத்து அகராதி போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். படத்தின் நாலு எண்களை அதில் தேடும். ஒன்று பொருந்தினால், அதே கணக்குப்படி மற்ற நட்சத்திரங்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டுத்தான் விடை சொல்லும்.

இரண்டு மூன்று நிமிடத்தில் விடை வந்தது. இடம்: ஒற்றைக்கொம்பன். ரோசெட்டின் நடுவிலிருந்து அரைப் பாகைக்குக் கொஞ்சம் கூடத் தள்ளி. ஆக மவுண்ட் நிரபராதி. நாலு நாளும் கிட்டத்தட்டச் சரியாகத்தான் போய் நின்றிருக்கிறது. கூடவே இன்னொரு வரி: ஒரு பிக்சலுக்கு 2.02 விகலை. அங்கேதான் சிக்கியது.

பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த சொற்கள்தான். ஒரு பிக்சல் எத்தனை விகலை என்பதற்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு போதும். 206.265-ஐப் பிக்சலின் அளவால், அதாவது மைக்ரானில், பெருக்கு. தொலைநோக்கியின் குவியத் தூரத்தால், மில்லிமீட்டரில், வகு. இவன் கேமராவில் பிக்சல் 3.76 மைக்ரான். குழாய் மேல் எழுதியிருக்கும் குவியத் தூரம் 480 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 1.62 விகலை வர வேண்டும். வானம் சொல்கிறது 2.02. அந்த எண்ணை வைத்துத் திருப்பிப் போட்டால் குவியத் தூரம் 384. 384-ஐ 480-ஆல் வகுத்தால் 0.8, மிச்சமில்லாமல்.

"கண்ணு, புதுசா ஏதாச்சும் மாட்டினியா?"

"ஓரத்துல நட்சத்திரம் நீளுதுன்னு ஒரு பிளாட்னர் வாங்கி மாட்டினனுங்க டீச்சர். செகண்ட் ஹேண்ட்ல."

"அது குவியத் தூரத்தை மாத்துமா?"

"மாத்தாதுன்னாருங்க, வித்தவரு."

மாற்றாத வகையும் உண்டு. ஓரத்தைச் சரிசெய்வதோடு குவியத் தூரத்தை 0.8 மடங்காகக் குறைக்கிற வகையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கருப்பு வளையம்தான். எழுத்து அழிந்திருந்ததால் விற்றவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இந்த எண் தப்பானால் ஏன் விடை வராது என்பதுதான் முக்கியம். தோட்டத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும் சாப்ட்வேர் வானம் முழுக்கத் தேடுவதில்லை. வேகத்துக்காக நாம் சொல்வதை நம்புகிறது. குவியத் தூரம் 480 என்றால், 3,008 பிக்சல் அகலப் படத்துக்கு 1.35 பாகை அகலம். நட்சத்திரப் பட்டியலிலிருந்து அந்த அளவுத் துண்டை வெட்டி எடுத்துப் பொருத்திப் பார்க்கிறது. உண்மையில் படத்தில் இருப்பதோ 1.69 பாகை. பரப்பில் ஒன்றரை மடங்குக்கு மேல். கொஞ்சம் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும், கால்பங்கு போனால் திணறும். எல் சைஸ் துணிக்கு எம் சைஸ் மார்க்கரை விரித்த கதை.

அமைப்பில் 480-ஐ அழித்துவிட்டு 384 என்று போட்டான். அடுத்த படத்துக்கு நாலு விநாடியில் விடை வந்தது. ஒரு லட்ச ரூபாய் மிச்சம். போனில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இந்த ஒரு நம்பருக்குங்களா டீச்சர் நாலு நாளு" என்றான்.

அடுத்த சனிக்கிழமை நான் பிள்ளைகளுக்குச் சொன்னது வேறு ஒன்று. இதற்கு ஏன் பிளேட் சால்விங் என்று பெயர்? பிளேட் எங்கே இருக்கிறது? கண்ணாடித் தகடுதான் அது. பிலிமுக்கும் சில்லுக்கும் முன்னால் வானத்தைக் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசித்தான் படம் எடுத்தார்கள். 1887-ல் பாரிஸில் பல நாட்டு வானியலாளர்கள் கூடி, வானம் முழுவதையும் பங்கு போட்டுப் படமெடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஆளுக்கொரு மண்டலம். தென் அமெரிக்காவில் சாண்டியாகோவுக்குக் கொடுத்திருந்த மண்டலம் வேலை நடக்காமல் கிடந்தது. அதைப் பிற்பாடு எடுத்துச் செய்தது நம் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகம். அங்கே இயக்குநராக இருந்த போகாக் 1918-ல் இறந்த பிறகு டி.பி.பாஸ்கரன் பொறுப்பேற்று வேலையைத் தொடர்ந்தார். தகட்டில் ஒவ்வொரு நட்சத்திரமும் எங்கே இருக்கிறது என்று நுண்ணோக்கி வைத்துக் கண்ணால் அளந்து, கையால் எழுதி, தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். தகட்டில் அளந்த மில்லிமீட்டரை வானத்துப் பாகையாக மாற்ற ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனியாகச் சமன்பாடு போட்டுத் தீர்க்க வேண்டும். இன்றைக்கு நாலு விநாடியில் நடப்பது அதே வேலைதான். பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. 1887 திட்டத்தில் எல்லாத் தொலைநோக்கிக்கும் ஒரே படஅளவு என்று முதலிலேயே விதி வைத்தார்கள்: தகட்டில் ஒரு மில்லிமீட்டர் என்றால் வானத்தில் ஒரு கலை. அதற்காகவே குவியத் தூரம் சுமார் 3.4 மீட்டர். மேலே சொன்ன அதே வாய்ப்பாட்டில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். இவன் நாலு ராத்திரி தூக்கம் கெட்ட அந்த எண்ணைத்தான் அவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பூட்டி வைத்தார்கள்.

நட்சத்திரப் பட்டியல் போடும் வேலையில் சென்னைக்கும் பங்கு உண்டு. மதராஸ் வானாய்வகத்தில் டி.ஜி.டெய்லர் 1840-களில் சுமார் 11,000 நட்சத்திரங்களின் இடங்களைப் பட்டியலாக வெளியிட்டார். அதே இடத்தில் 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ஏசியா என்று பெயர் வைத்தார். எப்படி? வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி வானத்தில் இருந்தது, நகர்ந்தது. தகடும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. அவரே பிளேட் சால்வர். 1988-ல் ஜவ்வாது மலைக் காவலூரில் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். காவலூர் திருப்பத்தூர் மாவட்டம். தபாலில் திருப்பூருக்கும் திருப்பத்தூருக்கும் குழப்பிக்கொள்கிறவர்கள் கவனிக்கவும்.

இன்றைய பட்டியல் கையா என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் அளந்தது. 2022-ல் வெளியான தொகுப்பில் 180 கோடிக்கும் மேல். ஆஸ்டாப் போன்ற இலவச சாப்ட்வேர்கள் அதிலிருந்து வடிகட்டிய பட்டியலைப் பயன்படுத்துகின்றன. பட்டியலைத் தனியாகப் பதிவிறக்க வேண்டும். சாப்ட்வேரை மட்டும் நிறுவிவிட்டு, "விடையே வரலீங்க" என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர்.

இனி மற்ற தொல்லைகள். நேரத் தொல்லைதான் மோசமானது. தோட்டத்தில் மின்சாரம் போய் வந்தது. குட்டிக் கம்ப்யூட்டரின் உள்ளே கடிகாரத்துக்கான செல் செத்திருந்தது. நேர மண்டலம் கிரீன்விச்சுக்குப் போய்விட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு அது மதியம் மூன்றரை என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஓரியனுக்குப் போ என்றால், ஓரியன் இன்னும் உதிக்கவில்லை என்றது. நாங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஓரியன் தலைக்கு மேலே. பூமி மணிக்குப் பதினைந்து பாகை சுற்றுகிறது. ஐந்தரை மணி நேரத்துக்கு 82.5 பாகை. உங்கள் தொலைநோக்கி கிட்டத்தட்ட அந்த அளவு கிழக்கு மேற்காகத் தள்ளிப் போனால் வேறெதையும் நோண்டாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நேரம் தப்பாக இருக்கும்போதே வானம் முழுக்கத் தேடும் முறையில் விடை கண்டு, "நீ நிற்பது இங்கே" என்று மவுண்டுக்குச் சொல்லிவிட்டால் இலக்கு சரியாகவே வரும். எல்லாம் நல்லபடி இருப்பதாகத் தோன்றும். ஆனால் உச்சிக்கோட்டை எப்போது தாண்டுகிறோம் என்ற கணக்கு மட்டும் தப்பாகவே இருக்கும். திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாமல், நடுராத்திரியில் குழாய் போய்க் காலில் முட்டும். பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் இது சின்ன விஷயமல்ல. விடை வந்துவிட்டது என்பதற்காக நேரத்தைச் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

இன்னொரு வகை: ஒவ்வொரு முறையும் விடை வருகிறது, ஆனால் இலக்கு மட்டும் நடுவுக்கு வராமல் ஒரே அளவு தள்ளியே நிற்கிறது. பெரும்பாலும் இது 2000-ஆம் ஆண்டுக் கணக்குக்கும் இன்றைய கணக்குக்கும் உள்ள தகராறு. பூமியின் அச்சு பம்பரம் மாதிரித் தலையாட்டுவதால் நட்சத்திரங்களின் ஆயத்தொலைகள் ஆண்டுக்குச் சுமார் 50 விகலை நகர்கின்றன, 72 ஆண்டுக்கு ஒரு பாகை. ஜோசியர்கள் அயனாம்சம் என்று கழிக்கிறார்களே, அதுவேதான். 25 ஆண்டுக்கு ஏறக்குறைய 21 கலை, நிலாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மவுண்டும் சாப்ட்வேரும் ஒரே ஆண்டுக் கணக்கைப் பேசுகின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிட்டால் போதும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் சரிசெய்வார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் அது உச்சியில் பாதித் தூரம் ஏறி ஜம்மென்று நிற்கும். திருப்பூரில் அது அடிவானத்திலிருந்து பதினோரு பாகைதான். கையை நீட்டி முஷ்டியை வைத்தால் ஒரு முஷ்டி உயரம். தோட்டத்தில் அந்த இடத்தில் தென்னை மரங்கள். மாமனாரிடம் வெட்டச் சொல்லவா முடியும்? நினா என்ற இலவச சாப்ட்வேரில் இதற்கும் வழி இருக்கிறது. தெரியும் வானத்தில் மவுண்டைச் சுழற்றி மூன்று படம் எடுத்து, மூன்றுக்கும் விடை கண்டு, அச்சு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும். துருவ நட்சத்திரத்தைப் பார்க்கவே வேண்டாம். தென்னை பிழைத்தது. ஆனால் அதற்கும் குவியத் தூரம் சரியாக இருக்க வேண்டும், மறக்க வேண்டாம்.

இப்போது அந்த அறைக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறான். பிக்சல் 3.76, குவியத் தூரம் 384, நேரம் இந்தியா, கணக்கு 2000. மாமனார் அதைப் பார்த்துவிட்டு மோட்டார் அறையிலும் ஒரு காகிதம் ஒட்டிக்கொண்டாராம், எந்த வால்வு எந்தப் பாத்திக்கு என்று.

ரோசெட் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். இரண்டு ராத்திரி, மொத்தம் மூன்றே கால் மணி நேரம். நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று நான் சொன்னேன். செக்கிங்கில் இருக்கும் பெண்கள் இதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள், அதனால் அப்படியே விட்டுவிட்டோம். மேல் மூலையில் குறுக்கே போகும் கோடு செயற்கைக்கோள், கீறல் அல்ல.